பதின்ம வயதினரின் செவிமடுத்தலை அளப்பது எப்படி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்திலும் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களிலும் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளோடு பழகுகிற ஆசிரியர்கள், ரியூசன் நடத்துகிறவர்கள், இளைஞர் கழகப் பொறுப்பாளர்கள், பெற்றோர் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாக வாசிக்கவேண்டும் என்றில்லை. ஆனால் சொந்தமாக ஒரு சோதனை தயாரிக்க நினைப்பவர்கள் நடுவில் உள்ள மாதிரியையும் அதற்கு அடுத்த சில பதில்களையும் விட்டுவிடவேண்டாம்.

செவிமடுத்தலை அளக்கவே முடியுமா? அது பிள்ளையின் மண்டைக்குள் நடக்கிற விடயம் அல்லவா?

நேரடியாக அளக்க முடியாது. கேட்ட பிறகு பிள்ளை செய்கிற ஏதோ ஒன்றைத்தான் அளக்கிறோம். விடை எழுதுகிறது, படம் கீறுகிறது, கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்கிறது. அந்தச் செயலுக்குள் செவிமடுத்தல் மட்டும் இருப்பதில்லை. ஞாபகசக்தி, சொல்வளம், எழுதும் வேகம், அந்த விடயத்தைப் பற்றி முன்பே தெரிந்திருப்பது, சோதனை நடத்துகிறவர்மேல் உள்ள பயம் எல்லாம் சேர்ந்துதான் 10க்கு 7 என்று வந்து நிற்கிறது. புள்ளி போடுவது லேசு. அந்தப் புள்ளிக்குள் ஒளிந்திருக்கிற மற்றவற்றைக் கழித்துப் பார்ப்பதுதான் வேலை.

இந்தச் சிக்கல் பழையது. 1955இல் அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களுக்காகப் பிரவுண், கார்ல்சன் என்ற இருவர் ஒரு செவிமடுத்தல் சோதனையை வெளியிட்டார்கள். உடனடி ஞாபகம், அறிவுறுத்தலைப் பின்பற்றுதல், பேச்சு ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் கண்டுபிடித்தல், சொல்லின் பொருளைச் சூழலால் அறிதல், விரிவுரையைக் கிரகித்தல் என்று அதில் 5 பகுதிகள். பார்த்தால் நல்ல திட்டம்தான். 1960களில் சார்ள்ஸ் கெல்லி என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட சோதனைகளை ஆராய்ந்துவிட்டு, இவை தனியாகச் செவிமடுத்தலை அளப்பதைவிடப் பொதுவான அறிவுத்திறனைத்தான் பெரும்பாலும் அளக்கின்றன என்று வாதிட்டார். அந்தக் குற்றச்சாட்டுக்கு முழுப் பதில் இன்றுவரை யாரிடமும் இல்லை. நாம் செய்யக்கூடியது, கலப்படத்தைக் குறைப்பது.

காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்ப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆனால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். கேட்டல் பரிசோதனையில் 500, 1000, 2000, 4000 ஹேர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் பிள்ளைக்குக் கேட்கிற மிகக் குறைந்த ஒலியைக் கண்டுபிடிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்படுத்தலின்படி, நன்றாகக் கேட்கிற காதில் அந்த அளவு 20 டெசிபலுக்குக் குறைவு. 20 முதல் 34 வரை இலேசான குறைபாடு. இந்த இலேசான குறைபாடு உள்ள பிள்ளைதான் வகுப்பில் அதிகம் ஏச்சு வாங்கும். அமைதியான அறையில் ஒரு ஆள் பேசினால் விளங்கும், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. இரைச்சலில் விடுபட்டுப்போகும். அதைப் பார்த்துக் "கவனமில்லை" என்று முத்திரை குத்திவிடுவோம்.

"ஆ? என்ன?" என்று அடிக்கடி கேட்கிற, பேசுகிறவரின் வாயையே பார்க்கிற, ஒரு பக்கக் காதை மட்டும் திருப்புகிற, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிற பிள்ளையைச் செவிமடுத்தல் சோதனைக்கு இருத்துவதற்கு முன் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிலவேளை காதுக் குடுமி அடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும். கைத்தொலைபேசிச் செயலிகளில் காது சோதனைகள் வருகின்றன. அவை ஒரு எச்சரிக்கைக்கு உதவும், மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது.

இயர்போனைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணித்தியாலம் வரையும், பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபலும் பாதுகாப்பான எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

பாடசாலையில் கிரகித்தல் வினா ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

தமிழ் வினாத்தாளில் வருவது வாசித்துக் கிரகித்தல். கண் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், விரும்பிய வேகத்தில் போகலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. சொல்லி முடிந்ததும் போய்விட்டது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களைப் பாடத்திட்டம் பட்டியல் போட்டாலும், தவணைப் பரீட்சையில் எழுத்துக்குத்தான் இடம். செவிமடுத்தல் வகுப்பறைக் கணிப்பீட்டில் ஒரு நிரலாக இருந்து, தவணை முடிவில் அவசரமாக நிரப்பப்படுகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் வேறு வழி தெரியாமல்தான் அப்படி நடக்கிறது.

இரண்டையும் ஒப்பிடுவதால் ஒரு நன்மை உண்டு. ஒரே அளவு கடினமான இரண்டு பகுதிகளை எடுத்து, ஒன்றை வாசிக்கவும் மற்றதைக் கேட்கவும் கொடுங்கள். இரண்டிலும் குறைவாக எடுக்கிற பிள்ளைக்குச் சிக்கல் மொழியில் அல்லது பின்னணி அறிவில். வாசிப்பில் நன்றாகச் செய்து கேட்பதில் மட்டும் சறுக்குகிற பிள்ளைதான் நாம் தேடுகிற ஆள். அதற்கு எதிர்மாறும் உண்டு. கேட்டால் எல்லாம் விளங்கும், வாசிக்கச் சொன்னால் தடுமாறும். அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு உதவி தேவை. செவிமடுத்தல் சோதனை செய்ததால்தான் அது வெளியில் தெரியவரும்.

எந்தப் பகுதியைக் கேட்கக் கொடுக்கலாம்?

பாடநூல் கட்டுரையை எடுத்து உரக்க வாசிக்கவேண்டாம். கண்ணுக்காக எழுதப்பட்ட நீண்ட வாக்கியங்களை வாயால் வாசித்தால் அது பேச்சாகாது. உண்மையான பேச்சில் நிறுத்தம் இருக்கும், ஒரே விடயம் இரண்டு தரம் வரும், "அது இல்லை, மாற்றியிருக்கிறோம்" என்று தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அப்படிப்பட்ட 2 அல்லது 3 நிமிடப் பேச்சுப் போதும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் வானிலை அறிக்கை நல்ல சரக்கு என்று சிலர் சொல்கிறார்கள். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக என்று தொடங்கி, காற்றின் திசை, வேகம், கடல் கொந்தளிப்பு என்று வரிசையாக வரும். தகவலைப் பிடிக்கும் பயிற்சிக்கு அது நல்லதுதான். ஆனால் சோதனைக்கு எடுத்தால் ஒரு ஆபத்து இருக்கிறது. நிலாவெளியில் வள்ளம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை அதைத் தினமும் கேட்டு வளர்ந்தது. பாதியைக் கேட்காமலே சொல்லிவிடும். நகரத்தில் கடை வைத்திருக்கிறவரின் மகளுக்கு அது புதிது. இருவருக்கும் வருகிற புள்ளி வித்தியாசம் செவிமடுத்தலால் வந்ததல்ல. எல்லோருக்கும் ஒரே அளவு தெரிந்த, அல்லது ஒரே அளவு தெரியாத விடயமாகப் பார்த்து எடுங்கள். பாடசாலை அறிவித்தல், ஒரு கற்பனை ஊரின் கதை, யாரும் கேள்விப்படாத ஒரு விளையாட்டின் விதிகள் என்று தேடலாம்.

குரலும் முக்கியம். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தமிழில் பதிந்ததைப் போட்டால் அந்தப் பேச்சுக்குப் பழகிய பிள்ளைக்கு லாபம். நகரத் தமிழும் கிண்ணியா, மூதூர்ப் பேச்சும் கலந்த வகுப்பென்றால், ஒரு குரலை மட்டும் எப்போதும் பயன்படுத்தாமல் மாற்றி மாற்றிப் பதியுங்கள்.

ஒரு மாதிரி காட்ட முடியுமா?

சரி. காலைக் கூட்டத்தில் ஒரு ஆசிரியை சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"பிள்ளைகள், கொஞ்சம் அமைதி. வெள்ளிக்கிழமை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். அது இல்லை, அடுத்த செவ்வாய்க்கு மாற்றியிருக்கிறோம். பஸ் ஏழரைக்கு வெளிக்கிடும், முதலில் எட்டு மணி என்று சொன்னதை மறந்துவிடுங்கள். காசு கட்டினவர்கள் திரும்பக் கட்டத் தேவையில்லை. கட்டாதவர்கள் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவேண்டும். அலுவலகத்துக்குக் கொண்டுவரவேண்டாம். எல்லாரும் மாற்றுடுப்புக் கொண்டுவாருங்கள். போன வருசம் மாதிரி இந்த முறையும் பஸ் சீற்றுக்குக் காசு கட்ட எங்களால் ஏலாது. தரம் 11க்கு அன்றைக்குப் பயிற்சிப் பரீட்சை இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அதிபரோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம்."

இதற்கு நான்கு வினாக்கள்:

பஸ் எந்த நாள், எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?

காசு கட்டாத ஒரு பிள்ளை எப்போது, யாரிடம் கொடுக்கவேண்டும்?

போன வருடம் என்ன நடந்திருக்கும்?

தரம் 11 பிள்ளைகள் போகலாமா?

முதலாவது, பழைய தகவலை விட்டுவிட்டுத் திருத்தியதைப் பிடித்தார்களா என்று பார்க்கிறது. வெள்ளிக்கிழமை எட்டு மணி என்று எழுதுகிற பிள்ளை கேட்காமல் இல்லை, பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பிழையும் வெறுமையாக விட்ட விடையும் ஒன்றல்ல, தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நிபந்தனையைப் பிரித்தறிவது. மூன்றாவதற்கு விடை பேச்சில் எங்கும் நேராக இல்லை. மாற்றுடுப்பு, சீற்று, காசு மூன்றையும் கோத்தால்தான், நனைந்த உடுப்போடு ஏறி இருக்கையைப் பழுதாக்கினார்கள் என்று வரும்.

நான்காவதுதான் என் விருப்பமான வினா. சரியான விடை, "இன்னும் முடிவாகவில்லை." இந்த வயதுப் பிள்ளைகள் ஆம் அல்லது இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் விரும்புவார்கள். போக ஆசைப்படுகிற பிள்ளை "போகலாம்" என்று எழுதும், பரீட்சைப் பயம் உள்ள பிள்ளை "முடியாது" என்று எழுதும். தாங்கள் கேட்க விரும்பியதையா, சொல்லப்பட்டதையா கேட்டார்கள் என்பது இந்த ஒரு வினாவில் தெரிந்துவிடும். "முடிவாகவில்லை", "தெரியாது", "சொல்லப்படவில்லை" என்ற வகை விடை வருகிற வினா ஒன்றாவது உங்கள் சோதனையில் இருக்கட்டும்.

ஒரு தரம் கேட்க விடுவதா, இரண்டு தரமா? குறிப்பு எடுக்கலாமா?

உலகத்தில் இரண்டும் நடக்கிறது. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையில் 40 வினா, சுமார் 30 நிமிடம், ஒரு தரம்தான் ஒலிக்கும். கேம்பிரிஜ் நடத்துகிற பி2 நிலை ஆங்கிலப் பரீட்சையில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு தரம். தாய்மொழிப் பேச்சுக்கு ஒரு தரம் போதும் என்பது என் கருத்து, அறிவித்தலை யாரும் இரண்டாம் முறை வந்து சொல்வதில்லை. சிங்களம், ஆங்கிலம் என்றால் இரண்டு தரம்.

வினாக்களை முன்பே காட்டினால் பிள்ளை விடையைத் தேடிக் கேட்கும். பிறகு காட்டினால் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இருக்கவேண்டும், சோதனை ஞாபகத்தின் பக்கம் சாயும். எதைச் செய்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகச் செய்யுங்கள். குறிப்பு எடுக்க விடலாம். விட்டால் அந்தத் தாளையும் வாங்கி வையுங்கள். சொன்னதை எல்லாம் எழுத முயன்று பாதியில் தொலைந்துபோன பிள்ளையை விடைத்தாளைவிட அந்தத் தாள் தெளிவாகக் காட்டும்.

நான் தயாரித்த வினாத்தாள் சரியானதா என்று எப்படித் தெரியும்?

ஒரு எளிய வழி இருக்கிறது, ஆனால் அநேகமாக யாரும் செய்வதில்லை. அந்தப் பேச்சைக் கேட்காத வேறு ஒரு வகுப்பிடம் வினாத்தாளை மட்டும் கொடுங்கள். "ஊகித்து எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லும் வினா என்றால் கண்ணை மூடித் தெரிவுசெய்தாலும் நாலில் ஒரு பங்கு சரியாக வரும். கேட்காதவர்கள் ஒரு வினாவுக்கு அதைவிட மிக அதிகமாகச் சரியான விடை போட்டால், அந்த வினாவுக்குச் செவிமடுத்தல் தேவைப்படவில்லை என்று அர்த்தம். பொது அறிவே போதும், அல்லது பிழையான விடைகள் மூன்றும் அசட்டுத்தனமாக இருக்கின்றன. தூக்கி எறியுங்கள். என் அனுபவத்தில் முதல் வரைவில் இப்படிப் போகிற வினாக்கள் கொஞ்சநஞ்சமல்ல.

திறந்த விடை எழுதச் சொன்னால், இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் போட்ட புள்ளியை மற்றவர் பார்க்காமல் திருத்தவேண்டும். இருவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வந்தால் பிள்ளையில் பிழையில்லை, புள்ளித்திட்டத்தில்தான் பிழை. பேச்சை முன்கூட்டியே சிறு சிறு கருத்துகளாக உடைத்துப் பட்டியல் போட்டு, எது முக்கியக் கருத்து, எது கிளைத் தகவல் என்று குறித்துவைத்தால் இந்தச் சண்டை குறையும்.

எங்கள் வகுப்பறையில் மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. அப்போது என்ன செய்வது?

அன்றைக்குச் சோதனை வைக்கக்கூடாது, அவ்வளவுதான். வகுப்பறைப் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டல். மாரி மழை தகரத்தில் கொட்டுகிறபோது அந்தக் கதையைப் பேசிப் பயனில்லை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஜன்னல் கதவு அடிபடும். கடற்கரைப் பக்கப் பாடசாலைகளுக்கு இது நன்றாகத் தெரியும். பக்கத்து வகுப்புக்கும் நமக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டும் இருக்கிற மண்டபங்கள் இன்னும் மோசம்.

காலையில், கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கி இல்லாத நேரமாகப் பார்த்து வையுங்கள். ஒரு சின்ன ஸ்பீக்கரை முன்னால் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவதைவிட, பிள்ளைகளைச் சின்னக் குழுவாக ஸ்பீக்கருக்குக் கிட்ட இருத்துவது நல்லது. கடைசி வாங்கில் யார் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின் வரிசை முழுவதும் ஒரே வினாவைத் தவறவிட்டிருந்தால் காரணம் பிள்ளைகளில் இல்லை.

10க்கு 6 எடுத்த பிள்ளை அடுத்த மாதம் 8 எடுத்தது. முன்னேற்றம்தானே?

அவசரப்படவேண்டாம். உண்மையில் 60 வீதத் திறன் உள்ள ஒரு பிள்ளை, திறன் ஒரு துளியும் மாறாமல், ஒரே அளவு கடினமான 10 வினாத் தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று வையுங்கள். நிகழ்தகவுக் கணக்குப்படி மூன்றில் இரண்டு தடவைதான் 5, 6, 7க்குள் நிற்கும். மிச்சத் தடவைகளில் 4 அல்லது அதற்குக் கீழே, அல்லது 8 அல்லது அதற்கு மேலே வரும். ஆகவே 6க்கும் 8க்கும் இடையில் உள்ளது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஒரே வகையான பிழை மறைந்துவிட்டதா என்று பாருங்கள். முன்பு திருத்திச் சொன்ன தகவலைத் தவறவிட்ட பிள்ளை இப்போது மூன்று வேறு வேறு பேச்சுகளில் அதைப் பிடிக்கிறது என்றால், அதை நம்பலாம்.

ஒலிப்பதிவு வேறு, ஆளோடு ஆள் பேசுவது வேறு அல்லவா? அதை எப்படி அளப்பது?

சரியான கேள்வி. ஒலிப்பதிவிடம் "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்க முடியாது. நிஜ வாழ்க்கையில் நல்ல செவிமடுப்பவர் செய்கிற பெரிய வேலையே அதுதான். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்பது.

இதற்கு ஒரு அருமையான வழி ஸ்கொட்லாந்தில் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இருவர் இருவராக மாணவர்களை இருத்தி, ஆளுக்கொரு வரைபடம் கொடுத்தார்கள். ஒருவருடையதில் பாதை கீறியிருக்கும், மற்றவருடையதில் இருக்காது. பாதை தெரிந்தவர் சொல்லச் சொல்ல மற்றவர் கீறவேண்டும். சூட்சுமம் எங்கே என்றால், இரண்டு வரைபடங்களும் முற்றாக ஒன்றல்ல. ஒன்றில் இருக்கிற அடையாளம் மற்றதில் இல்லை. 64 பேரைக் கொண்டு 128 உரையாடல்களைப் பதிந்தார்கள்.

வகுப்பறையில் இதைச் செய்ய இரண்டு தாளும் ஒரு பென்சிலும் போதும். திருகோணமலை நகர வரைபடத்தை மட்டும் எடுக்காதீர்கள். பஸ் நிலையத்திலிருந்து கோட்டை வாசல் வழியாகக் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையை நகரப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டே கீறும். தம்பலகாமத்திலிருந்து வருகிற பிள்ளை மாட்டிக்கொள்ளும். கற்பனைத் தீவு ஒன்றைக் கீறுங்கள். பனைமரம், கிணறு, உடைந்த வள்ளம், வெளிச்சவீடு என்று பத்துப் பன்னிரண்டு அடையாளங்கள் போதும். கேட்பவரின் தாளில் கிணற்றை இல்லாமல் செய்யுங்கள், அல்லது இரண்டு கிணறு போடுங்கள்.

பிறகு பார்க்கவேண்டியது இரண்டு. கீறிய கோடு உண்மைப் பாதையிலிருந்து எங்கெங்கே விலகியது என்பது ஒன்று. கிணறு வந்த இடத்தில் கேட்பவர் என்ன செய்தார் என்பது மற்றது. "எந்தக் கிணறு? எனக்கு இரண்டு இருக்குது" என்று கேட்டாரா, ஊகித்துக் கீறிவிட்டாரா, "ம், ம்" என்று தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தாரா? மூன்றாவது வகைதான் நம் வகுப்புகளில் அதிகம். கேள்வி கேட்டால் "கவனிக்கவில்லையா?" என்று ஏச்சு விழும் என்று பழக்கி வைத்திருக்கிறோமே, பிறகு எப்படிக் கேட்பார்கள்?

அப்புறம், சோடியை மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள். சொல்பவர் குழப்பமாகச் சொன்னால் கேட்பவரின் கோடும் கோணும். ஒரே சோடியை வைத்து யாருக்கும் புள்ளி போடக்கூடாது.

கண்ணைப் பார்க்காத பிள்ளை, கொப்பியில் கிறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளை. இவர்கள் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இணையத்தில் கிடைக்கிற அவதானிப்புப் பட்டியல்கள் பலவற்றில் "பேசுபவரின் கண்ணைப் பார்க்கிறார்" என்பதற்கு ஒரு புள்ளி இருக்கும். நம் வீடுகளில் பெரியவர் கண்டிக்கும்போது கண்ணுக்குக் கண் பார்த்தால் "முறைக்கிறாயா?" என்று கேட்பார்கள். தலைகுனிந்து நிற்கிற பிள்ளை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த நிரலை வெட்டிவிடுங்கள்.

கிறுக்குவதைப் பற்றி ஒரு பரிசோதனை உண்டு. 2009இல் ஜாக்கி அன்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிப் பேச்சு ஒன்றைப் போட்டுக்காட்டினார். பாதிப் பேர் கேட்டபடியே சின்ன உருவங்களுக்கு நிழல் தீட்டினார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வைத்த ஞாபகச் சோதனையில் அவர்கள் 29 வீதம் அதிகமாகச் சொன்னார்கள். சின்ன ஆய்வு, பெரியவர்கள்மேல் செய்தது, படம் கீறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வெளித்தோற்றத்தை வைத்துப் புள்ளி குறைக்கக்கூடாது என்பதற்கு இது போதும்.

வெளியில் அனுப்பினால் சொன்னதைச் சரியாகச் செய்கிறான், வீட்டில் நான் சொன்னால் காதில் விழுவதே இல்லை. மகனுக்கு என்ன பிரச்சினை?

அம்மாமார் அதிகம் கேட்பது இதைத்தான். 2022இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டானியல் ஏப்ரம்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் மூளையில் மகிழ்ச்சியோடும் கவனத்தோடும் தொடர்புள்ள பகுதிகள் தாயின் குரலுக்கு அதிகமாகத் துலங்கின. 13 முதல் 16 வயதுக்காரரிடம் அது மாறி, தெரியாதவரின் குரலுக்கு அதிகமாகத் துலங்கின. தாயின் குரலை அடையாளம் காண்பதில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. பிள்ளை வெளி உலகத்துக்குக் காதைத் திருப்பத் தொடங்கும் வயது இது. ஆகவே தாய் வாசித்துத் தாயே புள்ளி போடும் சோதனை செவிமடுத்தலை அளக்காது, அந்த வீட்டின் அன்றைய நிலவரத்தைத்தான் அளக்கும். வேறு ஒருவரின் குரலில் சோதித்துப் பாருங்கள். அதில் நன்றாகச் செய்தால், உங்களுக்குள் உள்ளது செவிமடுத்தல் பிரச்சினை அல்ல. கீழ்ப்படிவது பற்றியது, அது வேறு கதை.

வயது ஏற ஏறச் செவிமடுத்தல் குறைகிறது என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா?

அந்தக் கதையின் மூலம் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ரால்ஃப் நிக்கல்ஸ். 1950களில் செவிமடுத்தலைத் தீவிரமாக ஆராய்ந்தவர். ஆசிரியர்கள் பாடத்தின் நடுவில் சட்டென்று நிறுத்தி, "இப்போது நான் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டார்களாம். முதலாம் வகுப்பில் 90 வீதமளவில் சரியாகச் சொன்னார்கள், உயர்நிலைப் பாடசாலையில் 28 வீதம்தான். எண் கவர்ச்சியானது, அதனால் பயிற்சிப் பட்டறைகளில் சுற்றுகிறது. ஆனால் அளந்தது அந்தக் கணத்துக் கவனத்தைத்தான். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற பாடமும் பெரிய பிள்ளைக்குச் சொல்கிற பாடமும் ஒன்றல்ல. திறன் குறைந்ததா, பாடம் சலித்ததா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

பட்டறைகளில் வருகிற இன்னொரு எண், "தொடர்பாடலில் 93 வீதம் சொல் அல்லாதது" என்பது. அந்த எண்ணுக்கு மூலமான, உளவியலாளர் அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகள், ஒருவர் சொல்லும் சொல்லும் குரலும் முகமும் முரண்படும்போது அவருடைய விருப்பு வெறுப்பை எப்படி ஊகிக்கிறோம் என்பதைப் பற்றியவை. மேலே உள்ள கன்னியா அறிவித்தலை வாயை மூடிக்கொண்டு சைகையால் சொல்லிப் பாருங்கள், 93 வீதம் விளங்குகிறதா என்று.

பிள்ளைகளிடமே "நீ நல்லாகச் செவிமடுப்பாயா?" என்று கேட்டு அளக்கலாமா?

கேட்கலாம், புள்ளிக்காக வேண்டாம். நல்ல பிள்ளையாகத் தெரியவேண்டும் என்று எல்லோரும் "எப்போதும்" என்பதில் சரி போடுவார்கள். பொதுவாகக் கேட்காமல், சோதனை முடிந்த கையோடு, "எந்த இடத்தில் தவறவிட்டாய்? அப்போது என்ன செய்தாய்?" என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும்.

சிங்களம், ஆங்கிலம் செவிமடுத்தலுக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும் இதேதான், ஒரு முக்கிய மாற்றத்தோடு. வினாவையும் விடையையும் தமிழில் வையுங்கள். சிங்களத்தில் கேட்டதைச் சிங்களத்தில் எழுதச் சொன்னால் எழுத்துக்கூட்டலைத்தான் அளப்பீர்கள். திருகோணமலையில் சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம், விளங்குவது நன்றாக விளங்கும்.

இரண்டாம் மொழியைக் கேட்கும்போது பிள்ளை என்ன உத்தி கையாள்கிறது என்று அறிய, லாரி வண்டர்கிரிப்ட் குழுவினர் 2006இல் வெளியிட்ட 21 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து உதவும். அதில் ஒரு பகுதி, கேட்பதை மனதுக்குள் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கிறார்களா என்று பார்க்கிறது. அப்படிச் செய்கிற பிள்ளை மூன்றாவது வாக்கியத்துக்குள் பின்தங்கிவிடும்.

பதிவு செய்யலாமா? புள்ளிகளை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பிள்ளைகளின் குரலைப் பதிவதென்றால் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் முன்பே கேளுங்கள், திருத்தி முடிந்ததும் அழித்துவிடுங்கள். குழுவில் போடவே கூடாது. வகுப்பில் முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று நிலை போடுவதும் வேண்டாம். 10 வினாவை வைத்து நிலை போட்டால் என்ன நடக்கும் என்று மேலே கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் புள்ளியை வைத்து என்னதான் செய்வது?

மொத்தப் புள்ளியை மறந்துவிட்டு, பிழைகளை வகைப்படுத்துங்கள். வகுப்பில் பாதிப்பேர் திருத்திச் சொன்ன நாளைத் தவறவிட்டால், அடுத்த வாரம் அறிவித்தல்களைக் கேட்டு "எது மாறியது?" என்று மட்டும் சொல்லும் பயிற்சி கொடுங்கள். ஊகித்து அறியும் வினாவில் தடுமாறினால், நேராகச் சொல்லாத விடயம் உள்ள சின்ன உரையாடல்களைக் கொடுங்கள். ஒரே ஒரு பிள்ளை எல்லாவற்றிலும் பின்தங்கினால், முதலில் காதைப் பார்க்க அனுப்புங்கள், பிறகு அதே பகுதியை எழுத்தில் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். யாருமே சரியாகச் செய்யாத வினா என்றால், ஒலிப்பதிவை நீங்களே ஒரு முறை கடைசி வாங்கில் இருந்து கேட்டுப்பாருங்கள்.